புது பெயிண்ட்... பழைய படகு!

பெயிண்ட் வாசனை மூக்கைத் துளைக்கிற பழைய படகா? உஷார் சார்! ஊரில் மீன் பிடிக்கிற தம்பிக்காக லோன் போட்டு, செகண்ட் ஹாண்ட் ஃபைபர் படகு வாங்கக் கிளம்பியிருக்கும் ஆபீஸ் அண்ணன்களுக்குத்தான் இது.

விற்கிறவர், "எஞ்சின் ராஜா மாதிரி ஓடும் சார்!" என்பார். ஓடட்டும். நீங்கள் முதலில் அந்த எஞ்சினைத் தாங்குகிற பின்பலகையைப் பாருங்கள். வெளியே ஃபைபர், உள்ளே பெரும்பாலும் ப்ளைவுட். போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கினால் உள்ளுக்குள்ளேயே மக்கிவிடும். வெளியே பளபளா! சின்ன சுத்தியலால் தட்டுங்கள். 'டங்' என்றால் சரி. 'தொப்' என்றால் சந்தேகம். எஞ்சினைப் பிடித்து ஆட்டும்போது பலகையும் சேர்ந்து ஆடுகிறதா? ஒரு கும்பிடு போட்டுவிட்டு பஸ் ஏறிவிடுங்கள்.

அடுத்தது அவுட்போர்டு எஞ்சின். தொட்டால் சுடுகிறதா? நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டி 'தயார்' பண்ணிவிட்டார்கள் என்று அர்த்தம். நன்றாக ஆறவிட்டு ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். கியர் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது.

கடைசியாக, மீன்வளத் துறை கொடுத்த பதிவுச் சான்று. அதிலுள்ள எண்ணும் படகிலுள்ள எண்ணும் ஒன்றுதானா? பெயர் மாற்றம் முடிந்த பிறகு முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுங்கள்.

வழியில் பைக் நின்றால் தள்ளிக்கொண்டே வீடு வந்துவிடலாம். நடுக்கடலில் எதைத் தள்ளுவது? அதில் போகப்போவது நம்ம தம்பியாச்சே!