வசந்தம் ஒரு நாளில் எவ்வளவு தூரம் நடக்கும்?

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் இருக்கிறது சந்தியாகோ தே கொம்போஸ்தெலா பேராலயம். தமிழ்க் கத்தோலிக்கர் சந்தியாகப்பர் என்று அழைக்கும் புனித யாக்கோபின் கல்லறை அங்கே இருப்பதாக நம்பிக்கை. பல திசைகளிலிருந்து அதை நோக்கி வரும் பாதயாத்திரை வழிகளுக்குக் ‘கமீனோ’ என்று பெயர். மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடையில் நடக்க விரும்புபவருக்கு முதல் குழப்பமே எந்த வழியில் போவது என்பதுதான். அதைத் தீர்க்க, வசந்தம் எப்படி நகர்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

அமெரிக்கப் பூச்சியியலாளர் ஆண்ட்ரூ ஹாப்கின்ஸ் 1918-இல் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார். வடக்கே ஒரு பாகை போனால் மொட்டு அவிழ்வது சுமார் 4 நாள் தள்ளிப்போகும். 400 அடி, அதாவது ஏறத்தாழ 120 மீட்டர் மேலே ஏறினாலும் அதே 4 நாள். வட அமெரிக்காவுக்காகப் போட்ட கணக்கு இது. கடலும் காற்றும் குறுக்கிட்டால் மாறும். ஆனாலும் தோராயமாகப் பார்க்க உதவும். ஒரு பாகை என்பது 111 கி.மீ. நான்கால் வகுத்தால், வசந்தம் வடக்கே நாளொன்றுக்குச் சுமார் 28 கி.மீ. போகிறது. முதுகில் பையுடன் யாத்ரீகர் நடப்பதும் 20 முதல் 30 கி.மீ.தான்!

இந்த ஒற்றுமையைக் காலால் உணர ஏற்ற வழி ‘வியா தே லா பிளாத்தா’. தெற்கே செவில் நகரில் தொடங்கி, பெரும்பகுதி வடக்கு நோக்கியே போகும் இதன் நீளம் சுமார் 1000 கி.மீ. மார்ச்சில் கிளம்பினால் எக்ஸ்திரமதுரா பகுதியின் புல்வெளிப் பூக்கள் வழித்துணை. ஆனால் அதற்கும் வடக்கே உள்ள சலமன்கா நகர் 800 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே யாத்ரீகர் வசந்தத்தை முந்திவிடுவார். இரவில் உறைபனி விழலாம். அதற்காகக் கோடை வரை காத்திருக்கவும் முடியாது. தெற்கில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், நிழலும் குறைவு.

புகழ்பெற்ற ‘பிரெஞ்சு வழி’ சுமார் 780 கி.மீ. நீளம். கிழக்கிலிருந்து மேற்கே போவதால் அட்சரேகை அதிகம் மாறாது. இங்கே காலத்தை முன்பின்னாக மாற்றுவது உயரம். பிரான்ஸின் சேன்-ழான்-பியே-தெ-போர் ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 170 மீட்டர். அங்கிருந்து பிரனீஸ் மலையில் ஏறினால் முதல் நாளே 1430 மீட்டர். ஹாப்கின்ஸ் கணக்கில் ஆறு வாரம் பின்னால் போனதற்குச் சமம். மேலே காற்றழுத்தம் குறைவு. ஏறும் காற்று விரிந்து குளிர்கிறது. சராசரியாக 1000 மீட்டருக்கு 6.5 டிகிரி குறையும். அடிவாரத்தில் பூ மலர்ந்திருக்கும்போது உச்சியில் பனிப்புயல் அடிக்கலாம். அதனால்தான் இந்த மலைப்பாதையை நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை மூடிவிடுகிறார்கள். அப்போது வருபவர்கள் பள்ளத்தாக்கில் வால்கார்லோஸ் வழியாகச் சுற்றிப் போவார்கள்.

கடலோர ‘வடக்கு வழி’யில் சிக்கல் வேறு. கடல் அருகில் இருப்பதால் கடுங்குளிர் அரிது. ஆனால் அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று காந்தாப்ரிய மலைத்தொடரில் மோதி மேலெழுந்து மழையாகக் கொட்டுகிறது. சான் செபாஸ்தியானில் ஆண்டுக்கு 1500 மி.மீ.க்கு மேல் மழை. மலைக்குத் தெற்கே, மழைமறைவில் உள்ள புர்கோஸில் அதில் பாதிகூட இல்லை. பசுமையும் சேறும் வடக்கு வழியில் ஒரே விலையில் கிடைப்பவை.

போர்த்தோவிலிருந்து வரும் ‘போர்த்துகீசிய வழி’ சுமார் 240 கி.மீ. அதன் மிக உயர்ந்த இடமே ஏறக்குறைய 400 மீட்டர்தான். மழைக்கோட்டு வேண்டும்; பனியைப் பற்றிய கவலை வேண்டாம்.

ஆகவே, அழகான வழி எது என்று கேட்பதற்கு முன் விடுப்பு எப்போது என்று கேட்பது நல்லது. மார்ச் என்றால் செவில் அல்லது போர்த்தோ. ஏப்ரல் பிற்பகுதி என்றால் பிரனீஸ். மே என்றால் வடக்குக் கடற்கரையும் சேர்ந்துகொள்ளும்.