மன்னிப்பும் கடன் கணக்கும்

மன்னிப்பு பற்றிய கிறிஸ்தவச் சொல்லாடலில் மன்னிப்பவர், மன்னிக்கப்படுபவர் என்று இரண்டு பேரைப் பற்றித்தான் பேச்சு. அந்த மன்னிப்புக்கு ஆகிற செலவு யார் தலையில் விழுகிறது என்று கேட்டால், 'கணக்குப் பார்த்தா அது மன்னிப்பா?' என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். ஆனால் விவிலியப் பிரதியே கணக்கு மொழியில்தான் பேசுகிறது என்பது என் வாசிப்பு.

மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் இயேசு கற்றுத்தரும் ஜெபத்தை எடுத்துக்கொள்வோம். மன்னிக்க வேண்டியது எது என்பதற்குக் கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லின் பொருள் 'கடன்'. புராட்டஸ்டண்ட் சபைகளின் தமிழ் வேதாகமம் அதை அப்படியே வைத்திருக்கிறது. கத்தோலிக்கர் சொல்லும் ஜெபத்தில் அது 'குற்றம்' ஆகிவிடுகிறது. இரண்டும் ஒன்றல்ல. குற்றம் என்பதை மனசுக்குள் சுருக்கிவிடலாம். வருந்தி அழுதால் தீர்ந்தது. கடனை அப்படித் தீர்க்க முடியாது. ஒருவர் கடனைத் தள்ளுபடி செய்தால் அந்தத் தொகை காற்றில் கரைந்துபோவதில்லை. கொடுத்தவர் அந்த நஷ்டத்தைத் தாங்கிக்கொள்கிறார். சிலுவை பற்றிய இறையியல் சொல்வதும் இதைத்தான்: கடன் கொடுத்தவரே நஷ்டத்தைத் தம் உடம்பில் ஏற்றுக்கொள்கிறார். ஜெர்மன் இறையியலாளர் போன்ஹோஃபர் 1937இல் வெளியிட்ட நூலில், மனந்திரும்புதலைக் கேட்காமல் பாவமன்னிப்பை வாரி வழங்கும் திருச்சபை அருளை மலிவுச் சரக்காக்கிவிட்டது என்று கண்டித்தார். 1945 ஏப்ரல் 9 அன்று நாஜிகள் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவு. கடனைத் தள்ளுபடி செய்ய உரிமை உள்ளவர் கடன் கொடுத்தவர் மட்டுமே. அடுத்த வீட்டுக்காரருக்கு வரவேண்டியதை நான் எப்படித் தள்ளுபடி செய்வது?

தென்னாப்பிரிக்காவில் இந்தக் கேள்வி நடைமுறை அரசியலாகவே எழுந்தது. 1985இல் அங்குள்ள இறையியலாளர்கள் வெளியிட்ட 'கைரோஸ்' ஆவணம், நீதி இல்லாத ஒப்புரவு கிறிஸ்தவமே அல்ல என்று வாதிட்டது. பத்தாண்டு கழித்து, 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உண்மை மற்றும் ஒப்புரவு ஆணையம் அமைந்தது. தலைவர், பேராயர் டெஸ்மண்ட் டூட்டு. அரசியல் நோக்கத்தோடு செய்த குற்றங்களை முழுக்க வெளியே சொன்னால் பொதுமன்னிப்பு. வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை சட்டத்தில் கிடையாது. மன்னிப்புப் பெற்றவர்மீது குற்ற வழக்கு மட்டுமல்ல, நஷ்டஈடு கேட்டு உரிமையியல் வழக்கும் போட முடியாது. 1977இல் போலீஸ் காவலில் இறந்த ஸ்டீவ் பிகோவின் மனைவியும் வேறு சிலரும் இதை எதிர்த்து வழக்காடினார்கள். 1996இல் அரசியல் சாசன நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. பிகோ விஷயத்தில் மன்னிப்புக் கேட்ட போலீஸ்காரர்களுக்கு 1999இல் அது மறுக்கப்பட்டது. ஆனால் 2003இல் போதிய சாட்சியம் இல்லையென்று வழக்கும் தொடரப்படவில்லை.

பொதுமன்னிப்பு இல்லாமல் வெள்ளையர் ஆட்சி ரத்தமின்றிக் கைமாறியிருக்காது, பல உண்மைகள் வெளிவந்திருக்காது என்ற வாதத்தை லேசாக ஒதுக்கிவிட முடியாது. பிரச்சினை அதற்கு அடுத்த படியில். ஆண்டுதோறும் ஆறு ஆண்டுகளுக்கு இழப்பீடு தர வேண்டும் என்று ஆணையம் பரிந்துரைத்தது. 2003இல் அரசு அறிவித்தது ஒரே தவணையாக ஆளுக்கு 30,000 ராண்ட். நிறவெறியால் லாபமடைந்த தொழில் நிறுவனங்கள்மீது வரி விதிக்கும் யோசனையையும் அரசு ஏற்கவில்லை. அதாவது, கொன்றவருக்கு விடுதலை உடனே. இழந்தவருக்குக் கொஞ்சம் பணம், அதுவும் தாமதமாக. தேசத்தின் ஒப்புரவுக்கான செலவை, ஏற்கனவே எல்லாம் இழந்தவர்களே கட்டினார்கள். இதைச் சிலுவையின் பெயரால் நியாயப்படுத்தினால் பிரதி தலைகீழாகிறது. சிலுவையில் நஷ்டத்தைத் தாங்கியவர் தாமாக முன்வந்தவர். இங்கே தாங்கச் சொல்லிச் சட்டம் போட்டார்கள்.

லூக்கா 19ஆம் அதிகாரத்தில் ஆயக்காரன் சகேயு வருகிறான். சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியதற்கு நாலு மடங்கு திருப்பித் தருவேன் என்கிறான். அந்த வீட்டுக்கு மீட்பு வந்தது என்று இயேசு அறிவிப்பது அதற்குப் பிறகுதான். எவ்வளவு அழுதான் என்று பிரதி சொல்லவில்லை. எவ்வளவு தருவான் என்று மட்டும் சொல்கிறது. பாதிக்கப்பட்டவர்களைப் பார்த்து 'மன்னித்துவிடுங்கள்' என்று போதிப்பவர்கள் முதலில் இந்தத் தொகையைப் பற்றிப் பேசட்டும். மன்னிப்பதா இல்லையா என்பதை அதன்பிறகு அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.