சக்கர நாற்காலிக்கும் டாக்சி நிற்க வேண்டும்

சாலையோரம் சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பவர் கை காட்டுகிறார். டாக்சி வேகத்தைக் குறைக்கிறது. நாற்காலியைப் பார்த்ததும் நிற்காமல் போய்விடுகிறது. இதை ஓட்டுநரின் மனச்சாட்சிக்கே விட்டுவிடலாமா, நேயர்களே?

மலேசியாவில் 2008ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டம் இயற்றப்பட்டது. அதன் 27ஆவது பிரிவு, பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்தும் உரிமை அவர்களுக்கு உண்டு என்றது. ஆனால், அந்த உரிமையை மறுப்பவருக்கு என்ன தண்டனை என்பது அன்று அதில் எழுதப்படவில்லை.

லண்டனைப் பாருங்கள். அங்குள்ள கறுப்பு டாக்சிகள் அனைத்திலும் சக்கர நாற்காலி ஏறும் வசதி 2000ஆம் ஆண்டு முதல் கட்டாயம். 2017 ஏப்ரல் முதல், சக்கர நாற்காலிப் பயணியை ஏற்ற மறுத்தாலோ கூடுதல் கட்டணம் கேட்டாலோ ஓட்டுநருக்கு 1,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம். உடல்நலக் காரணத்தால் உதவ முடியாத ஓட்டுநர்கள் முறைப்படி விலக்குப் பெறலாம்.

ஆக, வண்டியில் வசதி, ஓட்டுநருக்குக் கடமை, மீறினால் தண்டனை என மூன்றும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்தப் பயணி பிறர் இரக்கத்தை எதிர்பார்த்துச் சாலையோரம் காத்திருக்க வேண்டியதுதான். அவரும் கட்டணம் கொடுக்கும் பயணிதானே!