சம்மன் வந்தது, மொழி வரவில்லை

கேரள நீதிமன்ற ஆவணங்கள் செல்போனுக்கே வந்துவிட்டன. எல்லைத் தமிழருக்கு அவற்றைப் படிப்பதுதான் பெரும்பாடு.

இடுக்கி மாவட்டத்தின் ஏலமலையில் இருக்கிறது ஆனைக்கரை. மலையிறங்கினால் கம்பம். ஏலத்தோட்டங்களில் தமிழ்ப் பேச்சு சர்வசாதாரணம். ஆனால் கடன் பாக்கிக்காகவோ நிலத் தகராறிலோ இங்குள்ள தொழிலாளிக்கு சம்மன் வந்தால், அதுவும் கூடவரும் வழக்குரை நகலும் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோதான் இருக்கும்.

கையெழுத்துப் போட்டு வாங்கிய அன்றே நாள் கணக்கு தொடங்கிவிடுகிறது. சிவில் வழக்கில் எதிருரை தாக்கல் செய்ய 30 நாள். நீதிமன்றம் அனுமதித்தால் மொத்தம் 90 நாள். விஷயம் புரியாமல் காகிதத்தைப் பரணில் போட்டுவைத்தால் எக்ஸ்பார்ட்டி தீர்ப்புதான். அதை ரத்து செய்யக் கோரவும் 30 நாளே அவகாசம்.

இத்தனைக்கும் சட்டம் தமிழரை மறந்துவிடவில்லை. 1956 நவம்பர் 1-ல் கேரளம் பிறந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் அங்கேயே நின்றன. சென்னை மாநிலத்திலிருந்த பாலக்காடும் போய்ச் சேர்ந்தது. 1969-ன் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும், அறிவிக்கப்பட்ட பகுதிகளில் உள்ள அரசு அலுவலகங்களுக்கும் தம் மொழியிலேயே எழுதலாம். பதிலும் அதே மொழியில் வரவேண்டும்.

அந்த உரிமை நீதிமன்ற வாசலோடு நின்றுவிடுகிறது. கீழமை நீதிமன்றங்களின் மொழியைத் தீர்மானிப்பது மாநில அரசு. கேரளத்தில் அது மலையாளமும் ஆங்கிலமும். தமிழில் எழுதிய பத்திரத்தைத் தாக்கல் செய்ய மொழிபெயர்ப்பும் வேண்டும். மலைக்குக் கீழே நிலைமை வேறு: தமிழகத்தின் 1976 சட்டத்திருத்தத்துக்குப் பின் கீழமை நீதிமன்றங்களில் சாட்சியமும் தீர்ப்பும் தமிழில் இருக்கலாம்.

ஆவணங்களைத் தேடுவது இன்று எளிது. 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை இ-கோர்ட்ஸ் செயலியில் தட்டினால் அடுத்த வாய்தா தெரிந்துவிடும். வழக்கில் சம்பந்தப்பட்டவர் மனுச் செய்து சான்றிட்ட நகல் பெறலாம். மற்றவர்கள் நீதிமன்ற விதிகளின்படிதான் நகல் கேட்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே அல்ல என்று 2020-ல் குஜராத் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. 2023-ல் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்புகளை மலையாளத்தில் வெளியிடத் தொடங்கியது. அதே ஆண்டு குடியரசு தினத்தன்று உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகள் சிலவற்றைத் தமிழிலும் தந்தது. முடிந்துபோன வழக்குகளின் தீர்ப்பு தமிழில் கிடைக்கிறது; நாளைக்கு ஆஜராகச் சொல்லும் சம்மன் கிடைப்பதில்லை.

குற்ற வழக்கில் மட்டும் ஓர் ஆறுதல். குற்றம்சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் தரப்படும் சாட்சியத்தை, அவருக்குப் புரியும் மொழியில் திறந்த நீதிமன்றத்திலேயே விளக்க வேண்டும் என்கிறது சட்டம். மற்றவற்றுக்கு இலவச சட்ட உதவி இருக்கிறது. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பு கிடையாது. தொலைபேசி எண் 15100.

யார் வழக்குப் போட்டது, எதற்காக, எந்தத் தேதியில் வரவேண்டும்: சம்மனோடு இந்த மூன்றையும் சொல்லும் ஒரு தமிழ்த் தாள் இணைக்க எவ்வளவு செலவாகிவிடும்? அது இல்லாததால் கைவிட்டுப் போவது சிலருக்கு வீடாகவும் இருக்கலாம்.