அதிகாலை ஷிஃப்ட்... 8 மணிக்கு ஸ்கூல்: வீட்டில் எல்லாருக்கும் ஏற்ற டிபன் எது? ‘மூணுக்கு ஒண்ணு’ கணக்கு தெரியுமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய்கண்டிகை, காக்களூர் என திருவள்ளூர் மாவட்டத்தின் தொழிற்பேட்டைகளை நம்பியிருக்கும் வீடுகளில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பொழுது விடிவதில்லை.

ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் போகிற அப்பா 5 மணிக்கெல்லாம் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். நைட் ஷிஃப்ட் முடித்த அண்ணன் 7 மணிக்குத்தான் வீடு திரும்புவார். பிள்ளைகள் 8 மணிக்கு ஸ்கூலுக்குக் கிளம்ப வேண்டும். இத்தனை பேருக்கும் சேர்த்து அடுப்பில் ஒரே ஒரு பாத்திரம்தான்.

இதில் சாப்பிடாமலே வேலைக்கு ஓடுவது யார்? பல வீடுகளில், அந்த டிபனைச் செய்தவர்தான்.

‘ஆரோக்கியமான காலை உணவு’ என்று போனில் தேடினால் ஓட்ஸ், சியா விதை, அவகாடோ என்று பட்டியல் வரும். இதெல்லாம் நம்ம பட்ஜெட்டுக்கும் ஒத்துவராது, பிள்ளைகளும் சாப்பிடாது. ஆனால் நமக்குப் பொருந்துகிற ஓர் அளவுகோல் பக்கத்துத் தெரு அரசுப் பள்ளியின் சமையலறையிலேயே இருக்கிறது. அது என்ன? வீட்டில் அதை எப்படிப் பயன்படுத்துவது? பார்க்கலாம்.

பள்ளியில் என்ன அளவு?

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை 2022 செப்டம்பர் 15-ம் தேதி மதுரையில் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தார். முதலில் 1,545 அரசுப் பள்ளிகளில் நடந்த இந்தத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25-ல் மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவானது.

அடுத்த கட்டத்தில் திருவள்ளூருக்கும் ஒரு பங்கு உண்டு. ஊரகப் பகுதிகளில் உள்ள அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு இந்தத் திட்டம் விரிவுபடுத்தப்பட்டது, 2024 ஜூலை 15-ல் நம்ம மாவட்டத்துக் கீழச்சேரி கிராமத்தில் உள்ள புனித அன்னாள் தொடக்கப் பள்ளியில்தான்.

இதில் ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு அரசு வைத்திருக்கும் அளவு இதுதான்:

* அரிசி, ரவை, கோதுமை ரவை, சேமியா அல்லது சிறுதானியம்: 50 கிராம்
* சாம்பாருக்குப் பருப்பு: 15 கிராம்
* அந்தந்த ஊரில் கிடைக்கும் காய்கறிகள்

உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நம்ம வீட்டில் செய்கிற அதே அயிட்டங்கள்தான். கவனிக்க வேண்டியது அந்த 50-க்கு 15 என்ற விகிதத்தை. அதை வீட்டு டம்ளர் கணக்கில் சொன்னால், மூணு டம்ளர் அரிசி அல்லது ரவைக்கு ஒரு டம்ளர் பருப்பு. கூடவே காய். இதுதான் ‘மூணுக்கு ஒண்ணு’.

பருப்பு ஏன் அவ்வளவு முக்கியம்?

50 கிராம் அரிசியில் கிடைக்கும் புரதம் சுமார் 4 கிராம்தான். அதோடு 15 கிராம் துவரம் பருப்பு சேர்ந்தால் இன்னும் 3 கிராம் கூடும். அளவு கூடுவது மட்டும் லாபம் இல்லை. அரிசி, கோதுமை புரதத்தில் லைசின் என்ற சத்து குறைவு. பருப்பில் அது நிறைய இருக்கிறது. இரண்டும் ஒரே தட்டில் சேரும்போது ஒன்றின் குறையை இன்னொன்று ஈடுகட்டும்.

வெறும் மாவுச்சத்து சீக்கிரம் செரித்துவிடும். பருப்பின் புரதமும் காயின் நார்ச்சத்தும் சேர்ந்தால் பசி தாங்கும். மெஷின் முன்னால் மணிக்கணக்கில் நிற்கிறவருக்கும், வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் இது பெரிய வித்தியாசம்.

2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் - இண்டியாப் ஆய்வின்படி, தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு சர்க்கரை நோய் இருக்கிறது. காலைத் தட்டு முழுக்க மாவாகவே இருப்பது ஏன் நல்லதல்ல என்பதற்கு இந்த ஒரு எண் போதும்.

உங்க வீட்டு டிபன் பாஸா, ஃபெயிலா?

வெண்பொங்கல்: பாஸ். அரிசியும் பாசிப்பருப்பும் மூணுக்கு ஒண்ணு போட்டால் கணக்கு அதிலேயே முடிந்தது. நெய்யை மட்டும் பார்த்து ஊற்றுங்கள். காய் போட்ட சாம்பார் இருந்தால் முழு மார்க்.

இட்லி, தோசை: கிட்டத்தட்ட பாஸ். மாவு அரைப்பது வழக்கமாக நாலுக்கு ஒண்ணு உளுந்து. மிச்சக் குறையை சாம்பார் சரிசெய்துவிடும். வெறும் தேங்காய் சட்னி தொட்டுச் சாப்பிட்டால் அந்தக் குறை அப்படியே நிற்கும்.

ரவை உப்புமா, சேமியா: தாளிக்கப் போடுகிற பருப்பு கணக்கில் வராது. சர்க்கரை தொட்டுச் சாப்பிட்டால் ஃபெயில். கேரட், பீன்ஸ், பட்டாணி போட்டு, ஒரு கரண்டி சாம்பார் ஊற்றினால் பாஸ்.

பூரி - கிழங்கு: மாவோடு மாவு, அதுவும் எண்ணெயில் பொரித்தது. வாரத்தில் ஒருநாள் ஆசைக்குச் சரி. கிழங்குக்குப் பதில் கொண்டைக்கடலை மசாலா வைத்தால் இன்னும் நல்லது.

பிரெட் - ஜாம், இன்ஸ்டன்ட் நூடுல்ஸ்: பருப்பும் இல்லை, காயும் இல்லை. அவசரத்துக்கு பிரெட்தான் என்றால் ஜாமுக்குப் பதில் முட்டை வையுங்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது.

கேழ்வரகு கூழ், கேழ்வரகு தோசை: 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. தானியக் கணக்கில் அரிசியின் இடத்தை இது பிடிக்கும். ஆனால் பருப்பின் இடத்தைப் பிடிக்காது. கூழோடு வேர்க்கடலை அல்லது சுண்டல் சேருங்கள்.

பழைய சோறு: நல்லதுதான். ஊறுகாய் மட்டும் போதாது. நேற்றைய கீரைக் கூட்டு, பருப்புத் துவையல் என்று ஏதாவது கூட இருக்கட்டும்.

ஷிஃப்ட்டுக்கு ஏற்ப எப்படி மாற்றுவது?

ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்: அதிகாலை 5 மணிக்கு முழுச் சாப்பாடு இறங்காது. கிளம்பும் முன் ஒரு வாழைப்பழமும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் போதும். டிபனைக் கட்டிக்கொண்டு போய் 8 மணி பிரேக்கில் சாப்பிடலாம். கட்டும்போது தேங்காய் சட்னி வேண்டாம், சீக்கிரம் ஊசிப்போகும். பொங்கல், அல்லது பருப்புப் பொடியும் எண்ணெயும் தடவிய இட்லி தாங்கும். சூட்டோடு மூடாமல், ஆறவைத்து டப்பாவில் அடையுங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. சிப்காட்டில் வேலை செய்யும் பீகார் தொழிலாளர்களிடம் கேட்டால் ‘சத்து’ பற்றிச் சொல்வார்கள். அது வறுத்த கடலை மாவு. தண்ணீரில் கரைத்து, உப்பு, எலுமிச்சை, நறுக்கிய வெங்காயம் போட்டுக் குடிப்பது. நம்ம பொட்டுக்கடலையைப் பொடித்தும் இதேபோல செய்யலாம். அடுப்பே பற்றவைக்க வேண்டாம்.

நைட் ஷிஃப்ட்: காலையில் வந்ததும் பரோட்டா, பூரி சாப்பிட்டுப் படுத்தால் நெஞ்சு எரியும். பட்டினியாகப் படுத்தால் பாதித் தூக்கத்தில் பசி எழுப்பும். இரண்டு மூன்று இட்லி, சாம்பார் என்று லேசாக முடித்துவிட்டுத் தூங்குங்கள். காபி, டீயைத் தூங்கி எழுந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் இருப்பவர்கள்: காலை நேரத்தை மிச்சப்படுத்த, முந்தைய இரவே பருப்பை வேகவைத்து ஃபிரிட்ஜில் வைக்கலாம். கொண்டைக்கடலை, பாசிப்பயறு ஊறப்போடலாம். காயையும் நறுக்கிவைத்துவிட்டால் காலையில் சாம்பார் கால் மணி நேர வேலை.

டீயும் பன்னும் சாப்பிட்டால் போதாதா?

போதாது. பன், பொறை, பிஸ்கெட் எல்லாமே மைதாவும் சர்க்கரையும்தான்.

டீயில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபியைத் தவிர்க்க வேண்டும் என்கிறது 2024 மே மாதம் ஐசிஎம்ஆர் வெளியிட்ட உணவு வழிகாட்டி. டீயில் உள்ள டானின், உணவில் இருக்கும் இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கிறது. முருங்கைக் கீரை சாம்பார் வைத்துச் சாப்பிட்டுவிட்டு, கையோடு ஒரு டீ குடித்தால் கீரை போட்ட பலன் குறைந்துவிடும். எலுமிச்சை, நெல்லிக்காய், தக்காளி மாதிரி வைட்டமின் சி உள்ளவை இரும்புச்சத்தை உடலில் சேர்க்க உதவும்.

யார் விடுபடுகிறார்கள்?

பள்ளிக் காலை உணவு 1 முதல் 5-ம் வகுப்பு வரைதான். பிள்ளை 6-ம் வகுப்புக்குப் போன அன்றே அந்தப் பொறுப்பு மறுபடி வீட்டுக்கு வந்துவிடுகிறது. அதுவும் உடம்பு வேகமாக வளர்கிற வயதில். அண்ணனுக்கு டீ, பிஸ்கெட், தம்பிக்கு பள்ளியில் பொங்கல், சாம்பார் என்று ஒரே வீட்டில் இரண்டு விதமாக இருந்தால் அதைக் கவனியுங்கள். குறிப்பாகப் பெண் பிள்ளைகள் விஷயத்தில்.

அடுத்தது அம்மா. தேசிய குடும்ப நல ஆய்வின் (2019-21) கணக்குப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது இரண்டில் ஒருவருக்கு மேல். எல்லாருக்கும் கட்டிக்கொடுத்துவிட்டு, ‘டைம் ஆச்சு, அங்க போய் பாத்துக்கலாம்’ என்று கிளம்புகிறவர் இந்தக் கணக்கில் இருக்க வாய்ப்பு அதிகம். ரத்தசோகைக்கு உணவு மட்டுமே மருந்து இல்லை. அடிக்கடி தலைச்சுற்றல், மூச்சு வாங்குதல், சோர்வு இருந்தால் அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

நாளைக் காலையில் செய்ய வேண்டியது என்ன?

* தட்டைப் பார்த்து மூன்று கேள்வி கேளுங்கள்: தானியம் இருக்கா? பருப்பு அல்லது முட்டை இருக்கா? காய் இருக்கா?
* உழைப்புக்கும் வயதுக்கும் ஏற்ப அளவைக் கூட்டுங்கள், குறையுங்கள். மூணுக்கு ஒண்ணு விகிதத்தை மாற்றாதீர்கள்.
* டீயை டிபனிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள்.
* சர்க்கரை நோய், சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டு அளவை முடிவு செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. எத்தனை டப்பா கட்டுகிறீர்கள் என்று எண்ணும்போது, உங்களுக்கான டப்பாவையும் சேர்த்து எண்ணுங்கள். முடிந்தால் அதை முதலில் கட்டிவிடுங்கள்.