காய்ச்சலோடு கரும்பொருக்கா? கவனியுங்கள்!



மழைக்காலம் முடிந்து புதர் தழைக்கும்போது உண்ணிக் காய்ச்சலும் தலைதூக்கும். மருத்துவர்கள் இதை ஸ்க்ரப் டைபஸ் என்பார்கள். ஆடு, மாட்டில் ஒட்டும் பெரிய உண்ணியால் வருவதல்ல இது. புல்லிலும் புதரிலும் இருக்கும், கண்ணுக்கு எளிதில் படாத சிற்றுண்ணியின் குஞ்சு கடிப்பதால் வருவது.

கடித்துச் சுமார் 10 நாளில் கடுங்காய்ச்சல், தலைவலி, உடல்வலி. கடிவாயில் வலியில்லாத ஒரு கரும்பொருக்கு. சிவகாசி வட்டாரத்தில் அதைப் பட்டாசுப் பொறி சுட்ட காயம் என்று எண்ணி விட்டுவிட வாய்ப்புண்டு. அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு, காதின் பின்புறம் தேடிப் பாருங்கள். பொருக்கே இல்லாமலும் இந்தக் காய்ச்சல் வரலாம்.

தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்து. நேரத்தோடு கொடுத்தால் டாக்ஸிசைக்ளின் மருந்தே குணப்படுத்தும். நோய் முற்றியவர்களுக்கு அதனுடன் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்புவழி ஏற்றினால் கூடுதல் பலன் என்று, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி தலைமையில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு காட்டியது.

விறகு பொறுக்க, ஆடு மேய்க்க, பட்டாசு ஆலையைச் சுற்றிக் களை வெட்டப் போகிறீர்களா? கை, கால் மூடிய உடை அணியுங்கள். புல்தரையில் வெறுமனே படுக்காதீர்கள். வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் குளித்து, உடுத்திய துணியைத் துவைத்துவிடுங்கள்.

காய்ச்சல் கண்டால் கடையில் மாத்திரை வாங்கி நாளைக் கடத்த வேண்டாம். அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். புதர்ப்பக்கம் போனதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.