ஒரு சொல் அறிவோம்: பிளேஜியரிசம்



இந்த இதழில் நாம் பார்க்கப்போகும் ஆங்கிலச் சொல் 'பிளேஜியரிசம்'. வாயில் நுழையவே கஷ்டமா இருக்கா? ஆனால் விஷயம் நமக்குத் தெரிந்ததுதான். அடுத்தவர் எழுதியதை எடுத்து, 'நான் எழுதினது' என்று காட்டிக்கொள்வது. தமிழில் எழுத்துத் திருட்டு.

இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோம் நகரில் மார்ஷல் என்ற கவிஞர் இருந்தார். தன் கவிதைகளைச் சொந்தம் கொண்டாடிய ஒருவனை அவர் 'பிளேஜியரியஸ்' என்று கவிதையிலேயே திட்டினார். லத்தீன் மொழியில் அதற்கு ஆள் கடத்துபவன் என்று பொருள். கவிதையைத் திருடுவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவது மாதிரியாம்! அதிலிருந்து பிறந்ததுதான் இந்த ஆங்கிலச் சொல்.

எப்படிப் பயன்படுத்துவது? செயலுக்குப் பெயர் பிளேஜியரிசம். செய்கிறவர் பிளேஜியரிஸ்ட். வினைச்சொல் பிளேஜியரைஸ். பரீட்சையில் பக்கத்தில் பார்த்து எழுதினால் அது சீட்டிங். கதை, கவிதை, கட்டுரை, ப்ராஜெக்ட் இவற்றைச் சுட்டுத் தன் பெயரைப் போட்டால் பிளேஜியரிசம்.

ஒரு சந்தேகம் வரலாம். பாரதியார் 1921-ல் மறைந்தார். நம் நாட்டில் எழுதியவர் மறைந்த பிறகு 60 ஆண்டுகள் வரைதான் பதிப்புரிமை. அதனால் அவர் பாட்டை யாரும் அச்சிடலாம், அனுமதி வேண்டாம். ஆனால் அடியில் என் பெயரைப் போடலாமா? கூடாது. அதுவும் பிளேஜியரிசம்தான். பதிப்புரிமைக்குக் காலக்கெடு உண்டு, நேர்மைக்குக் கிடையாது.

இதை நான் ஏன் எழுதுகிறேன் தெரியுமா? போன இதழில் 'மழை' என்று என் பெயரில் ஒரு கவிதை வந்ததே, அது என் அக்காவின் நோட்டில் இருந்தது. பிரேயரில் பாராட்டினார்கள், நீங்களும் கை தட்டினீர்கள். பெற்றோர் கூட்டத்துக்கு அம்மாவோடு வந்த அக்கா, இதே சுவர் முன்னால் நின்று முழுசாகப் படித்தாள். "நல்லா எழுதியிருக்கடா" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

தமிழ் ஐயாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். பழைய இதழில் என் பெயரை அடித்துவிட்டு, அக்கா பெயரை என் கையாலேயே எழுதியிருக்கிறேன். போய்ப் பாருங்கள்.

இந்தக் கட்டுரை மட்டும் நானே எழுதியது!

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்